கடைசிப் பந்திக்கு முன்பே

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் யாரும் பசியோடு நடக்க வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் பாதை நெடுக, இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை, வண்டியை நிறுத்திச் சாம்பார் சாதமும் புளியோதரையும் வெண்பொங்கலும் கொடுப்பவர்கள் நிற்கிறார்கள். ஒருவரே நான்கு இடத்தில் நான்கு தட்டு வாங்குகிறார். இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைப் பாக்குமட்டைத் தட்டோடு ஓரத்தில் வைத்துவிட்டு நடையைத் தொடர்கிறார். விடிந்ததும் அந்தத் தட்டுகளைத் தூய்மைப் பணியாளர்கள் வாரி எடுக்கிறார்கள். கூட்டம் கலைந்த அடுத்த வாரம், உள்நோயாளிக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் படுத்திருப்பவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் செலவழிப்பதா என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பார். அன்றைக்கு அவரைத் தேடி வண்டி வருவதில்லை. இந்த ஊரில் சோற்றுக்குக் குறைவில்லை, கொடுக்கும் மனசுக்கும் குறைவில்லை. சோறு இருக்கும் நேரமும் பசி இருக்கும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மிகுதி உணவை மீட்கும் வேலையை வண்டி, பாத்திரம், ஆள்பலம் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள். நேரத்திலிருந்து தொடங்கினால்தான் இது நிலைக்கும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் 'மிச்சம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. இலையில் விழுந்து, கை பட்டு எஞ்சியது எச்சில். அது எவ்வளவு நல்ல பதார்த்தமானாலும் இன்னொரு மனிதருக்குப் போகக்கூடாது. பந்திக்குள் போய்வந்த வாளியில் எஞ்சியது மிச்சம். பல இலைகளின் மேலே குனிந்து, பலர் கை மாறிய கரண்டியோடு அது சுற்றி வந்திருக்கிறது. அதையும் எடுக்காதீர்கள். சமையற்கட்டில் மூடிய அண்டாவிலேயே இருந்து, பந்திப் பக்கம் போகாதது மட்டுமே மிகுதி. அதற்கும் ஒரு படி மேலே இன்னொன்று உண்டு. மூட்டை பிரிக்காத அரிசி, நறுக்காத காய்கறி, உடைக்காத எண்ணெய் டின் ஆகியவற்றை மிகுதி என்று யாரும் நினைப்பதே இல்லை. ஆனால் மீட்கத் தக்கவற்றில் முதலிடம் அதற்குத்தான். அதைப் பற்றி இந்த அத்தியாயத்தின் கடைசியில் பார்ப்போம்.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். அடுப்பிலிருந்து இறக்கிய சோறு ஆறி வரும்போது இந்த எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. சோற்றுக்கென்றே ஒரு ஆபத்தும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறிய பிறகு அவை முளைத்துப் பெருகுகின்றன, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்' என்று சமையற்கட்டில் சொல்லப்படும் சமாதானம் இங்கே செல்லாது. பெரிய அண்டாவை நம்புவதும் தப்பு. மேலே தொட்டுப் பார்த்தால் ஆறியிருக்கும், நடுவிலே பல மணி நேரம் கிருமிக்குப் பிடித்த இளஞ்சூடு நின்றுகொண்டிருக்கும். சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்த நூல் அதையே அடிப்படையாக வைத்து ஒரு விதி சொல்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய 4 மணி நேரத்துக்குள் கடைசி ஆள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். அந்த 4 மணியிலும், உணவு 60 டிகிரிக்குக் கீழே இருந்த நேரம் 2 மணியைத் தாண்டியிருக்கக் கூடாது. செருகிப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். வண்டியைவிட அதுதான் முதல் செலவு.

இந்த விதியை ஒரு கல்யாண மத்தியானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பத்தரைக்குச் சோறு இறக்கியாகிவிட்டது. பதினொன்றரைக்கு முதல் பந்தி, ஒன்றரைக்குக் கடைசிப் பந்தி. அந்தப் பந்தி உட்காரும்போதே உங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு மணி நேரம். அதற்கு அப்புறம் யாருக்கோ நினைவு வந்து, உங்கள் எண்ணைத் தேடிப் பிடித்து, நீங்கள் டிரைவரைத் தேடி, வேட்டவலம் சாலையிலிருந்து ஊரின் மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்தால் மூன்றரை மணி. அந்தச் சோறு அப்போது உணவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அழைப்பு வரவேண்டியது கடைசிப் பந்தி எழுந்த பிறகு அல்ல. இரண்டாம் பந்தி உட்கார்ந்தவுடனே, எத்தனை இலை விழுந்திருக்கிறது, வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அடுப்படியில் எத்தனை அண்டா திறக்காமல் இருக்கிறது என்று சமையல் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். மண்டபத்தில் வேறு யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு இருக்கிற நிலையில் அவரிடம் இதைக் கேட்பது நியாயமும் இல்லை. ஆகவே நீங்கள் உறவு வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் சமையல் மாஸ்டரும் மண்டப மேனேஜரும்தான். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலையே பேசிவிடுங்கள். 'மிஞ்சினால் கூப்பிடுங்கள்' என்று சொன்னால் கூப்பிட மாட்டார்கள். 'இரண்டாம் பந்தி உட்கார்ந்ததும் நானே கூப்பிடுகிறேன், எத்தனை பேருக்குத் தேறும் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அழைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எதை எடுப்பது என்பதும் நேரத்தைப் பொறுத்ததே. தேங்காய் போட்ட பொரியலும் சட்னியும் முதலில் கெடும், அவற்றை விட்டுவிடுங்கள். பால் பாயசம், பாலில் செய்த இனிப்புகள், இறைச்சி பிரியாணி ஆகியவற்றுக்கு அதே இடத்தில், அதே மணியில் சாப்பிட ஆள் இருந்தால் மட்டும் சரி. ரிசப்ஷன் கடைகளில் வைக்கும் மயோனைஸைத் தொடவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததே அதன் ஆபத்தைக் காட்டும். சோறும் சாம்பாரும் மேற்சொன்ன விதிக்குள் வரும். தனித்தனியே கொண்டுபோங்கள், கலந்து கொண்டுபோனால் அளவும் தெரியாது, கெட்டாலும் தெரியாது. புளியோதரை இவற்றுக்குள் பொறுமைசாலி. புளியின் அமிலமும் எண்ணெயும் அதைக் காக்கின்றன, நம் முன்னோர் கட்டுச்சாதமாக அதை மூட்டை கட்டியது காரணத்தோடுதான். அதற்காக விதியைத் தளர்த்தவும் வேண்டாம். லட்டு, மைசூர்பாகு, பழம் இவையெல்லாம் அவசரப்படுத்தாதவை.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபம் எழும். விரயத்தில் பெரும்பங்கு வீடுகளில் நடக்கிறது, கல்யாணத்தையும் அன்னதானத்தையும் குறிவைத்து என்ன பயன் என்பார்கள். எண்கள் அவர்கள் பக்கம் இருப்பதுபோலத்தான் தெரியும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில், 28 விழுக்காடு உணவகம், விருந்து போன்ற உணவுச் சேவைகளில், மீதி கடைகளில். ஆனால் வீட்டு விரயம் கரண்டி கரண்டியாக ஆயிரம் அடுக்களைகளில் சிதறிக் கிடக்கிறது, அதை யாரும் போய்ச் சேகரிக்க முடியாது. அதைக் குறைக்க வீட்டுக்காரர்தான் அளந்து பொங்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சுவதோ ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நூறு பேருக்கான அளவில் இருக்கிறது. மீட்பு என்பது அளவைப் பார்த்து அல்ல, எட்டுவதைப் பார்த்துச் செய்யும் வேலை. கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு விருந்துகளைக் குறிவைத்ததும், அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிய 'ராபின் ஹூட் ஆர்மி' உணவகங்களை நாடியதும் இதனால்தான்.

அடுத்தது பயம். 'சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆனால் போலீஸ் நம் வீட்டுக்கு வருமே' என்று மண்டபக்காரர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் கருமித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-ல் மிகுதி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. பகிரும் அமைப்பு பதிவு செய்துகொள்ள வேண்டும், உணவை உரிய வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று கணக்கு வைக்க வேண்டும், விற்கக் கூடாது. அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காக்க 1996-லேயே தனிச் சட்டம் வந்தது. பிரான்ஸ் 2016-ல் இன்னும் ஒரு அடி போய், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை அழிப்பதையே தடுத்தது. நம் நிலையில் உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு ஒரு நோட்டுப் புத்தகம். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு இறக்கியது, எடுத்தபோது என்ன வெப்பம், கொடுத்தபோது என்ன வெப்பம், எத்தனை மணிக்குக் கடைசித் தட்டு என்று எழுதியிருந்தால், எந்த அதிகாரியிடமும் நிமிர்ந்து பேசலாம். எழுதாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச முடியாது. சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கொடுப்பவர் மனம் நோகுமே என்று கெட்டதை வாங்கி வண்டியில் ஏற்றாதீர்கள்.

பயத்தைவிட ஆழமானது மானம் பற்றிய ஆட்சேபம். பணக்காரர் தின்றது போக எஞ்சியதை ஏழைக்குப் போடுவது அவமதிப்பு இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், அதைத் தட்டிவிடுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. ஆனால் அவமதிப்பு உணவில் இல்லை, கொடுக்கும் நேரத்திலும் விதத்திலும் இருக்கிறது. மணமக்கள் வீட்டார் சாப்பிடுகிற அதே வேளையில், அதே அண்டாவின் திறக்காத சோறு இன்னோர் இடத்தில் இலை போட்டுப் பரிமாறப்பட்டால், அது இன்னொரு பந்தி. அதே சோறு நான்கு மணிக்கு, ஆறிப்போய், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே பாலித்தீன் கவரில் நீட்டப்பட்டால் அது பிச்சை. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால் கவர் எப்படியும் கூடாது. எவர்சில்வர் வாளியும் கரண்டியும் கொண்டுபோங்கள். என்ன உணவு, எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது என்று சொல்லுங்கள். வேண்டுமா என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்பவரை இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும்.

இனி, எங்கே கொண்டுபோவது? கிரிவலப் பாதைச் சாதுக்களுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறதே என்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது உண்மை, ஆகவே அன்றைக்கு அங்கே போகாதீர்கள். அருணாசலேஸ்வரர் கோயிலில் 2022 டிசம்பர் 31 முதல் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. ஆசிரமங்களும் உணவளிக்கின்றன. ஆகவே கோயிலைச் சுற்றிப் பகல் நேரத்தில் நடமாட முடிகிறவருக்குப் பெரும்பாலும் வழி இருக்கிறது. வழி இல்லாதவர்கள் நடக்க முடியாதவர்களும், இடத்தை விட்டு நகர முடியாதவர்களும், இரவில் வந்து சேர்கிறவர்களும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு, கூட வந்தவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வீடற்றோர் விடுதி, பேருந்து நிலையம், கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் என்று உங்கள் பட்டியலை மணிவாரியாக எழுதுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே பசி, இரவு ஒன்பதரைக்கு எங்கே பசி என்று. ரிசப்ஷன் உணவு மிஞ்சுவது இரவில்தான். பத்தரைக்கு மேல் ஆள் தூங்கிவிடுகிற இடத்துக்கு வண்டியை ஓட்டிப் பயனில்லை. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் வைக்கப்பட்ட 'அய்யமிட்டு உண்' பொதுக் குளிர்பெட்டியைப் பார்த்து இங்கும் ஒன்று வைக்கலாமே என்று தோன்றும். பழத்துக்கும் ரொட்டிக்கும் பொட்டலப் பண்டத்துக்கும் அது நல்லது. ஆனால் மண்டபத்துச் சோற்று அண்டாவைக் குளிர்பெட்டி காப்பாற்றாது.

கார்த்திகை தீபத்தை இதோடு சேர்த்துப் பேச முடியாது, அதன் அளவே வேறு. பல லட்சம் பேர் வரும் நாளில் அன்னதானம் செய்ய விரும்புவோர் மாவட்ட நிர்வாகத்திடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும், குறிப்பிட்ட இடத்தில்தான் கொடுக்க வேண்டும், பாதையிலேயே அடுப்பு மூட்டக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. இதைத் தொந்தரவு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. மீட்பு வேலைக்கு இது வரப்பிரசாதம். எங்கே, யார், எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்ற விவரம் நிகழ்ச்சிக்கு முன்பே ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்த விண்ணப்பத்தில் 'மிஞ்சினால் எத்தனை மணிக்கு யாருக்குத் தெரிவிப்பீர்கள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாம்பார் சாதத்தைப் பத்துப் பேர் கொடுப்பதற்குப் பதிலாக, வேளையைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லியும் கேளுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மறுநாள் காலை அந்தப் பாதையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மிஞ்சியதைக் கொடுத்துக் கணக்கை முடிக்கக் கூடாது. அவர்களுக்கென்று புதிதாகச் சமைக்கப்பட்ட சாப்பாடு வேண்டும், அதுதான் முறை.

வண்டி வாடகை உணவின் விலையை மிஞ்சிவிடாதா? சில நாள் மிஞ்சும். குட்டி யானைக்கு 600 ரூபாய் கொடுத்து 80 பேருக்குக் கொண்டுபோனால் ஆளுக்கு ஏழரை ரூபாய், இருபது பேருக்கு என்றால் 30 ரூபாய். இருபதுக்குக் கீழே என்றால் வண்டி எடுக்காதீர்கள். மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பவர்களும் காவலாளியும் அப்போதே எடுத்துக்கொள்ளட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். விதிக்குள் வராத உணவை 'மாட்டுக்காவது போடலாம்' என்று ஏற்றிச் செல்வதும் வேண்டாம். ஒரேயடியாகச் சோறும் பொங்கலும் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் பெருகி உயிரே போகலாம், பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிப்பது இதைத்தான். கெட்டது உரக்குழிக்குப் போகட்டும்.

மிஞ்சினால் எடுத்துப்போக ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் அதிகமாகப் பொங்குவார்களே என்ற ஆட்சேபத்துக்கு நான் கடைசி இடம் கொடுத்ததற்குக் காரணம், அது ஓரளவு உண்மை என்பதுதான். அதற்கு உங்கள் நோட்டுப் புத்தகமே மருந்து. எத்தனை கிலோ அரிசி உலையில் ஏறியது, எத்தனை இலை விழுந்தது, எவ்வளவு எஞ்சியது என்று ஒவ்வொரு மண்டபத்துக்கும் எழுதி, ஆறு மாதம் கழித்து மாஸ்டரிடம் காட்டுங்கள். அளவு தெரிந்த மாஸ்டர் கடைசி உலையைத் தள்ளிவைப்பார். இரண்டாம் பந்தியின் இலையை எண்ணிய பிறகே அரிசி களைவார். அந்த உலை ஏறாமல் போனால், உங்கள் கைக்கு வருவது கடிகாரம் தொடாத ஒரு மூட்டை அரிசி. வள்ளலார் 1867 மே 23-ல் வடலூரில் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. திருவிழா நாள் என்று பார்க்காமல் அன்றாடம் சமைப்பதுதான் அதன் முறை. அன்றாடம் சமைக்க அரிசி இருப்பில் இருக்க வேண்டும். ஆகவே பௌர்ணமி அன்னதானக்காரர்களிடம் போய், கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவர்கள் வேண்டுதல். பத்து மூட்டையில் இரண்டை மட்டும் சமைக்காமல் உங்களிடம் ஒப்படைக்கக் கேளுங்கள். அவர்கள் பெயரிலேயே, அவர்கள் சொல்லும் நாளில் அது சமைக்கப்படும் என்று எழுதிக் கொடுங்கள்.

அந்த இருப்பு எப்போது தேவைப்படும் என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. முகூர்த்தம் இல்லாவிட்டால் மண்டபம் பூட்டியிருக்கும், மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பார், உங்கள் வண்டிக்கு வேலை இருக்காது. ஆனால் வைகாசியிலும் ஆனியிலும் நீங்கள் சோறு கொண்டுபோய்ப் பழக்கிய வராந்தாவில், ஆடி முதல் தேதியும் அதே நேரத்துக்கு ஆட்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் வேலையைத் தொடங்கும் மாதத்திலேயே, அந்த இரண்டு மாதத்துக்கு எத்தனை பேர், ஒரு வேளைக்கு எத்தனை கிலோ, சமைத்துக் கொடுக்க எந்த அடுப்படி என்று கணக்குப் போட்டு, ஆனி முடிவதற்குள் ஆடிக்கான மூட்டையை வாங்கி அடுக்கிவிடுங்கள். கார்த்திகை தீபத்தில் வரும் அரிசி மார்கழிக்கு ஆகட்டும்.